யாரும் எழுத முடியாத இடம்

பதுளைக் கடையில் இருந்த இணைய ரவுட்டர்களையெல்லாம் யோகநாதன் புரட்டிப் பார்த்துவிட்டான். எதிலும் மனம் நிற்கவில்லை.

"வெளியிலேருந்து நம்ம வீட்டு லைனப் புடிக்கிற பப்ளிக் ஐபி நம்பர் போடுறது வேணுங்க. வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்குற மக பாட்டையெல்லாம், குவைத்துல வேல செய்யுற அவ அம்மா அங்கேருந்தே தொறந்து கேக்கணும்."

கடைக்காரர் சிரித்தார். "யூடியூப்ல போட்டா ஊரே கேக்குமே!"

"வேணாங்க. வீடியோவுக்குக் கீழ யாராவது எதையாவது எழுதிருவாங்க."

"எழுதட்டுமே. பாடுற புள்ளைக்குப் பாராட்டுத்தானே வரும்?"

யோகநாதன் கையிலிருந்த ரவுட்டரை மேசையில் வைத்தான்.

"ஆழ்ந்த அனுதாபம்னு எழுதுவாங்க. போன மாசம் காய்ச்சல்ல புள்ள போயிருச்சு. அவ அம்மாவுக்கு இன்னும் தெரியாதுங்க. சித்திரைக்கு வர்றா. பக்கத்துல உக்காந்து, கையப் புடிச்சுக்கிட்டுத்தான் சொல்லணும்."