தாய்மாமன்

எங்கள் ஊரில் அரசாங்கத்துக்குத் தாய்மாமன் என்று பெயர். பாசத்தில் வைத்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடம் கேட்டபோது வராதது, ஆஸ்பத்திரி கேட்டபோதும் வராதது, சுரங்கம் இடிந்த மறுநாள் வந்தது. பிணத்துக்கு ஒரு கோடித்துணி என்று கொண்டுவந்தது. "காதுகுத்துக்கு வராத தாய்மாமன் கோடி போட வந்துட்டாருடி!" என்று புருஷனின் தலைமாட்டில் இருந்து வடிவாம்பாள் கத்தினாள். அன்றிலிருந்து அதுதான் பெயர். என் மகன் முத்தழகனை அவர்கள் தோண்டி எடுக்கவேயில்லை. தேடுவதை நிறுத்திவிட்டு, அதிகாரி எனக்கும் ஒரு துணி கொண்டுவந்தார். "இதை எதுமேலய்யா போத்துறது?" என்றேன். "எல்லாருக்கும் குடுத்ததுதாம்மா, வாங்கிக்கங்க." வாங்கினேன். பிரித்து அவர் மேலேயே போர்த்தினேன். அவர் அதை உதறுவதற்குள், சுற்றி நின்ற பெண்கள் ஒப்பாரி வைக்கத் தொடங்கினார்கள்.