போன யூனும் இந்த யூனும்

"இறங்குதுறைக் கிளையின்ர யூன் விற்பனை, போன யூனில பாதிதான் கம்சாயினி. மூடச் சொல்லித்தான் மேலிடம் சொல்லப்போகுது," என்றாள் நிலாந்தி, கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசியில்.

கம்சாயினி கண்களைக் கசக்கினாள். அவள் புங்குடுதீவில் வீட்டிலிருந்தபடியே அந்த சுப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்குக் கணினி வேலை செய்பவள். எல்லாக் கிளைகளின் விற்பனையையும் ஆண்டு, மாதம், பொருள் என்று எந்தப் பக்கமாகவும் திருப்பிப் பார்க்கும் 'கியூப்' அவள் கட்டியது. அதுதான் அந்தக் கிளையைச் சிவப்பில் காட்டியிருந்தது.

"அக்கா, போன வருசம் நயினாதீவுத் திருவிழா யூனில வந்தது. இந்த வருசம் யூலையில. போன கிழமைதான் முடிஞ்சது. அந்தத் தீவுக்கு வள்ளமேற எங்கட இறங்குதுறைக்கு வாற சனம்தான் அந்தக் கடைக்கு வியாபாரம். மாதத்தை மாதத்தோட வைச்சுப் பாத்தால் பிழையாத்தான் காட்டும்."

நாலு மணிக்குக் கூட்டம், அதற்குள் திருத்த ஏலுமா என்று நிலாந்தி கேட்டாள். பிறகு தயங்கி, "அங்க உம்மட ஆக்கள் ஆரும் வேலை செய்யினமோ?" என்றாள்.

"ஒருத்தரும் இல்லை அக்கா."

திருவிழா நாட்களைத் தனியே பிரித்து, போன வருசத்துத் திருவிழாவோடு பொருத்தி, கியூபை மறுபடி ஓடவிட்டாள். பாதியில் மின்சாரம் போனது. திரும்பவும் முதலிலிருந்து. முதுகு நொந்தது. கணவன் துஷ்யந்தன் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனான்.

இப்படியே விட்டுவிட்டால்தான் என்ன என்று ஒருகணம் நினைத்தாள். யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் பிழையென்று தெரிந்ததை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

மூன்றரைக்கு அனுப்பினாள். விற்பனை விழவில்லை, கொஞ்சம் கூடியே இருந்தது.

ஐந்து மணிபோல நிலாந்தி மறுபடி அழைத்தாள். கிளை தப்பிவிட்டது, அங்கே வேலை செய்யும் பிள்ளைகளும் தப்பிவிட்டார்கள் என்று சொல்லி, இரண்டு தரம் நன்றி சொன்னாள். கம்சாயினிக்குச் சந்தோசப்படவும் தெம்பில்லை.

கணினியை மூடிவிட்டு நிமிர்ந்தபோது துஷ்யந்தன் வாசலில் நின்றான்.

"அந்தக் கடையை மூடப்போகினமாம் எண்டு இறங்குதுறையில கதைக்கினம். உண்மையோ?"

"இல்லையப்பா. மூடேல்லை."

அவன் கையிலிருந்த கடைச் சாவியை மேசையில் வைத்தான்.

"அப்ப, அதுக்கு எதிரில இருக்கிற எங்கட கடையைத்தான் மூட வேணும்," என்றான்.