கடைசித் தையல்

கத்தியை வயிற்றில் இறக்கி ஒரே இழுப்பாக இழுத்தாள் சஃபீனா. உள்ளேயிருந்த தென்னை நார் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

"பைய புள்ள! அது பழைய சோபா, பகையாளி இல்ல" என்றார் தாராவிப் பட்டறை முதலாளி நாகூர் மீரான்.

பகையாளி வீட்டுச் சோபாதான். கைப்பிடியில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பைக் கண்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுட்டவளே அவள்தானே.

அவளுக்கும் மன்சூர் அலிக்கும் கல்யாணமானபோது செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்ட தேக்கு சோபா. இப்போது அவனுடைய இரண்டாம் கல்யாணத்துக்காகப் பாலிஷ் போட்டுத் துணி மாற்றத் திலக் நகரிலிருந்து வந்திருக்கிறது.

அந்த வீட்டில் அவள் வாழ்ந்தது பத்தே மாதம். மாமியார் மதீனா பீவியின் மூன்று பவுன் மாங்காய் வளையல் ஒருநாள் காணாமல் போனது. "இவதான் எடுத்தா" என்று ஜமாத்தில் நின்று சொன்னாள் மாமியார். மன்சூர் வாயே திறக்கவில்லை. தலாக் ஆயிற்று. திருடி என்ற பேரோடு மகள் திரும்பி வந்ததைத் தாங்காமல் அவள் வாப்பா அந்த வருஷமே போய்ச் சேர்ந்தார்.

சோபாவைக் கடைசிச் சட்டம் வரை பிரித்து உதறினாள். இரண்டு கொண்டை ஊசி, ஒரு ரூபாய்க் காசு, காய்ந்த பேரீச்சங்கொட்டை விழுந்தன. கூட்டி அள்ளினாள்.

மறுநாள் நூல் வாங்கக் கிங்ஸ் சர்க்கிளுக்குக் கிளம்பினாள்.

"நூல்தான் இங்க நெறய கெடக்கே?"

"அந்தக் கலர் இல்ல பாய்."

பழைய பாலிஷ் போக உப்புத்தாளால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க எட்டு வருஷக் கோபம் கைக்கு இறங்கியது. முதலாளியே அசந்துபோகும்படி மரம் பளபளத்தது.

ஞாயிறு பகலில், பெண் வீட்டார் வந்திருந்த நேரம் பார்த்துச் சோபா திலக் நகரில் இறங்கியது. கடைசித் தையலை அங்கே வைத்துத்தான் போட வேண்டும் என்று சஃபீனாவும் டெம்போவில் வந்திருந்தாள். கூடத்தில் முகத்திரையைத் தூக்கினாள். மன்சூர் அலி கையிலிருந்த சர்பத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"நீ எதுக்குட்டி இங்க வந்தே?" சீறினாள் மதீனா பீவி.

"சட்டத்து இடுக்குல என்னமோ மாட்டிக்கெடக்கு மாமி. நான் எடுத்தா மறுபடியும் திருடிம்பீய. அதான் அந்த இடத்த மட்டும் தைக்காம கொண்டாந்தேன். நீங்களே கைய விடுங்க."

சபை பார்த்துக்கொண்டிருந்தது. மதீனா பீவி வேண்டாவெறுப்பாகக் கையை விட்டுத் துழாவினாள். வெளியே வந்த விரல்களில் மாங்காய் வளையல் மின்னியது.

"அப்ப இவ எடுக்கலியா உம்மா?" என்றான் மன்சூர் அலி.

"ஒரு புள்ள வாழ்க்கையயே கெடுத்துட்டியளே!" என்றார் பெண்ணின் வாப்பா.

மதீனா பீவி வளையலையும் சஃபீனாவையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் வேர்த்துக் கொட்டியது. "தப்பு எம்மேலதான். மன்னிச்சுரு" என்றாள் கடைசியில்.

"சரி மாமி. இத உங்க புது மருமவளுக்கே போடுங்க. எனக்கு அது போதும்."

பெண்ணின் உம்மா கண் கலங்கிக் கையை நீட்டினாள். அத்தனை பேர் முன்னால் மதீனா பீவியால் மறுக்க முடியவில்லை. வளையல் கை மாறியது.

சஃபீனா நிதானமாகக் கடைசித் தையலைப் போட்டு, நூலைப் பல்லால் அறுத்துவிட்டு வெளியேறினாள். மதீனா பீவி படிக்கட்டு வரை ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, அந்த வளையல அன்னிக்கே நாந்தானே வித்தேன்! இது ஏது?"

சஃபீனா முகத்திரையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"கவரிங், மாமி. ஆறு மாசத்துல கறுத்துரும்."