அரை ஷேட்

"வாய இன்னும் கொஞ்சம் தொறங்க சார்."

சுந்தரமூர்த்தி திறந்தார். ஆம்பூர் ஷூ ஃபாக்டரியில் தோலின் நிறம் பார்க்கிற விளக்குக்குக் கீழே, ஃபினிஷிங் சூப்பர்வைசர் நயீம் அகமது, தோலுக்கு நிறம் ஒத்துப் பார்க்கிற ஷேட் கார்டை அவர் பல்லோரம் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா பாய், வெளுப்பு ஏறிச்சா?"

"அரை ஷேட் ஏறிச்சு சார். நேத்து டான் பழுப்பு, இன்னிக்கு பீஜ் பக்கம் வந்துட்டீங்க."

சுந்தரமூர்த்திக்குப் பெருமை தாங்கவில்லை. இருபத்தாறு வருஷம் குவாலிட்டி செக்கிங்கில் ஊறிய மனுஷன். அரை ஷேட் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அன்று காலையில்கூட நயீமின் நாற்பது ஜோடி ஷூவைத் திருப்பியிருந்தார். அப்பேர்ப்பட்டவர், தன் பல்லை எவனும் செக் பண்ணிவிடக் கூடாதென்று கல்யாண போட்டோவிலேயே வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றவர்.

மகள் சௌம்யாதான் கேட்டாள். "என் நிச்சயதார்த்த போட்டோவுலயாவது சிரிங்கப்பா."

அன்றைக்கே டீயை நிறுத்தினார். யூடியூபில் யாரோ சொன்னார்களென்று காலையில் எள்ளு, மதியம் காரட், சாயங்காலம் கொய்யா என்று மென்று தள்ளினார். ஸ்ட்ராபெரி நல்லதாம். கிடைக்காமல் ஸ்ட்ராபெரி ஜாமைத் தேய்த்துப் பார்த்ததில் பாத்ரூமில் எறும்பு ஜாஸ்தியானதுதான் மிச்சம்.

"நிச்சயம் அவளுக்கா, உங்களுக்கா?" என்றாள் மனைவி மேகலா.

தன் சரக்கைத் தானே செக் பண்ணக் கூடாது என்பது ஃபாக்டரி சட்டம். அதனால் தினமும் நயீம்தான் பார்த்தார். தினமும் ஏறிக்கொண்டே போனது. நிச்சயத்துக்கு முந்தின நாள், "க்ரீம் கலர் சார். பாஸ்" என்றார்.

நிச்சயத்தன்று சத்துவாச்சாரி மண்டபத்தில் சுந்தரமூர்த்தி சிரித்த சிரிப்பில் போட்டோகிராஃபரே, "போதும் சார்" என்றுவிட்டான்.

அடுத்த வாரம் போட்டோ வந்தது. பல் என்னவோ மஞ்சளாகத்தான் தெரிந்தது. மனசு கேட்கவில்லை. போட்டோவோடு ஃபாக்டரிக்குப் போய், விளக்குக்குக் கீழே கண்ணாடியை வைத்து, முதல் தடவையாகத் தானே கார்டைப் பிடித்துப் பார்த்தார்.

முதல் நாள் எந்த டானோ, அதே டான்.

"பாய், உங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? அத்தன பேர் முன்னாடி இளிச்சிக்கிட்டு நின்னேனே."

நயீம் தலையைச் சொறிந்தார். "கண்ணு நல்லாத்தான் இருக்குது சார். பாத்தத அப்படியே சொல்லியிருந்தா அன்னிக்கும் வாய மூடிட்டுத்தான் நின்னிருப்பீங்க. பொண்ணு மனசு கஷ்டப்பட்டிருக்கும்."

சுந்தரமூர்த்தி மறுபடி போட்டோவைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"போட்டோவுல உங்க பல்லையே பாக்கறீங்களே சார். பக்கத்துல பாருங்க."

பார்த்தார். சௌம்யா கேமராவையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. அப்பா சிரிக்கிறதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுந்தரமூர்த்தி ஷேட் கார்டை மூடி வைத்தார்.

"ரெண்டு டீ சொல்லுங்க பாய். ஸ்ட்ராங்கா" என்றார்.

இருபத்தாறு வருஷ சர்வீஸில், ஷேட் தப்பிய சரக்கு ஒன்றை அன்றைக்குத்தான் அவர் பாஸ் பண்ணினார்.