ஆந்தை கேட்ட ஒப்புதல்

"என் ஆய்வேட்டுல கடைசிப் பக்கத்தை மட்டும் தூக்கணும். உன்னால முடியுமா, முடியாதா?"

திரையில் வந்து விழுந்த கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. பிறகுதான் நினைவு வந்தது. அவர் என்னைக் கேட்கவில்லை, ஆந்தையைக் கேட்கிறார்.

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில், கேள்விகளுக்குத் தானே பதில் சொல்லும் அந்த ஆந்தைப் பொம்மையைப் போன மாதம்தான் உட்கார வைத்தார்கள். பெயர் நூரி. எந்தப் புத்தகம் எந்த அடுக்கில், எந்த நாற்காலி காலி, எல்லாம் நொடியில் சொல்லிவிடும். தெரியாத கேள்வி வந்தால் சத்தமில்லாமல் எங்கள் மேசைக்குத் தள்ளிவிடும்.

பதிலை அடிப்பது நாங்கள். வெளியே தெரிவது ஆந்தையின் முகம்.

இயந்திரம் என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் என்னமாய்ப் பேசுகிறார்கள்! இருபது வருடம் இந்தக் கவுண்டரில் நின்றேன். என்னிடம் ஒருத்தரும் இப்படி வாய் திறந்ததில்லை.

"பெயர், ஆண்டு, துறை ஆகியவற்றைத் தெரிவிக்கவும்" என்று ஆந்தைக்குரிய மரியாதையோடு அடித்தேன்.

பியோ ஜே-உக். 1998. வேளாண்மை. சோயாச் செடியின் வேர் முடிச்சுகளைப் பற்றிய ஆய்வு.

முன்னாள் மாணவர் கணக்கில்தான் உள்ளே வந்திருந்தார். ஆள் அவரேதான்.

பழைய ஆய்வேடுகளை இந்தக் கோடையில் வெளியாட்களை வைத்து ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியிருந்தோம். அட்டையிலிருந்து அட்டை வரை. கடைசியில் வரும் நன்றிப் பக்கத்தையும் சேர்த்து.

அதைத் திறந்தேன். பேராசிரியருக்கு நன்றி. அப்பா அம்மாவுக்கு நன்றி. அப்புறம் இது: 'என் வாழ்க்கைத் துணையாக வரப்போகும் கூ மி-ரானுக்கு. அவள் இல்லையென்றால் இந்தச் செடிகள் இல்லை.'

பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்த சோல்-பி வாயைப் பொத்திக்கொண்டாள். போன வருடம் வேலைக்குச் சேர்ந்தவள்.

"ஐயோ பாவம்! எங்க செட்டுல எல்லாருக்கும் தெரியும்கா. நன்றிப் பக்கத்துல நாய்க்குட்டி பேரைக்கூட எழுதலாம். காதலி பேரை மட்டும் எழுதிடக் கூடாது."

எங்கள் வீட்டுக்காரர் ஆய்வேடு எழுதுகிற ரகம் இல்லை. நல்லவேளை.

"நீக்குவதற்கான காரணம்?" என்றது ஆந்தை.

"என் பொண்டாட்டி பேரு மி-ரான் இல்ல. அதான் காரணம்."

அதற்குப் பிறகு மடமடவென்று கொட்டினார். மகளுக்கு இதே துறையில் இடம் கிடைத்திருக்கிறதாம். சனிக்கிழமை மாமனாருக்கு எண்பதாவது பிறந்தநாள். சொந்தக்காரர்கள் முப்பது பேர். அப்பாவின் ஆய்வேடு இணையத்தில் இருப்பதை மகள் இன்றுதான் கண்டுபிடித்தாளாம். அதைப் பெரிய டிவியில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஓட்டிக் காட்டப் போகிறாளாம்.

"என் மானம் கப்பலேறினா ஏறிட்டுப் போகுது. என் பொண்டாட்டி ரொம்ப நல்லவ. அத்தனை பேர் முன்னால அவ மூஞ்சி வாடிப் போறத என்னால பாக்க முடியாது."

இரண்டு நிமிட வேலை. எழுதியவரே கேட்டால் ஒரு பக்கத்தை மறைத்துவிடலாம். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் என் விரல் சும்மா இருந்தால்தானே?

"பெயர் குறிப்பிடப்பட்டவரின் ஒப்புதலும் தேவை."

"அக்கா! அப்படி ஒரு விதியே நம்மகிட்ட கிடையாதே!" என்றாள் சோல்-பி.

"இப்பத்தான் போட்டேன். நீ உன் வேலையைப் பாருடி."

அங்கே மனிதருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"விளையாடுறியா? இருபத்தாறு வருஷம் ஆச்சு. அவ எங்க இருக்காளோ, எப்படி இருக்காளோ. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவகிட்டப் போய்க் கையெழுத்து கேப்பேன்?"

"அவரைப் பார்க்க நேர்ந்தால் என்ன சொல்வீர்கள்?"

அனுப்பிய பிறகு எனக்கே பக்கென்றது. எந்த நூலகத்து இயந்திரம் இப்படிக் கேட்கும்?

அவர் அடிப்பதைக் காட்டும் மூன்று புள்ளிகள் ஆடின. நின்றன. மறுபடி ஆடின.

"அறுவடைத் திருநாளுக்கு ஊருக்குப் போனேன். போன இடத்துல அப்பா படுத்த படுக்கை ஆயிட்டாரு. திரும்பி வரப் பதினோரு நாள். கண்ணாடிக் குடில்ல நாப்பது தொட்டி இருந்துச்சு. எல்லாம் காஞ்சிருக்கும், ஒரு வருஷ உழைப்பு போச்சுன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். ஒரு இலை வாடல. அவ திருநாளுக்குக்கூட வீட்டுக்குப் போகாம தண்ணி ஊத்தியிருக்கா."

அதன் கீழே இன்னொரு செய்தி வந்தது.

"பிரிஞ்சது ரெண்டு பேருக்கும் நல்லதாத்தான் முடிஞ்சிருக்கும். ஆனா நன்றின்னு பக்கத்துல எழுதினதோட சரி. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. பாத்தா அதத்தான் சொல்வேன்."

இரண்டு தடவை படித்தேன். சிரிப்பு வந்தது. போயும் போயும் ஒரு ஆந்தையிடமா இதைச் சொல்ல வேண்டும்? ஆனாலும் மனசு நிறைந்துவிட்டது. பொய் சொல்வானேன்?

நன்றிப் பக்கத்தை மறைத்தேன். ஆய்வேடு இப்போது நூற்பட்டியலோடு முடிந்துவிடும். சனிக்கிழமை எவ்வளவு பெரிய டிவியில் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளட்டும்.

"பக்கம் நீக்கப்பட்டது. மகளுக்கு வாழ்த்துகள்."

உடனே பதில் வந்தது. "அப்ப ஒப்புதல்? வேணும்னு சொன்னியே?"

சோல்-பி நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகில் வந்துவிட்டாள். அவளைப் போகச் சொல்லவில்லை. நிதானமாக, ஒரு பிழை இல்லாமல் அடித்தேன்.

"கிடைத்துவிட்டது. ஒப்புதல் தந்தவர்: கூ மி-ரான், நூலகர், ஆய்வேட்டுப் பிரிவு, இரண்டாம் மாடி. நலமாக இருக்கிறார்."