பாதி மாத்திரை

லேப் மேசையில் குங்குமச் சிமிழைத் திறந்தான். மூடியில் இன்னும் சிவப்பு ஒட்டியிருந்தது.

உள்ளே அப்பாவின் இதய மாத்திரைகள். எல்லாம் பாதி பாதி.

“என்ன சாம்பிள் இது? எலி கடிச்சதா?” என்றாள் பக்கத்து மேசை பர்வீன்.

“எலி இல்ல. எங்கம்மா.”

டாக்டர் முழு மாத்திரைதான் எழுதியிருந்தார். முழுசு உடம்புக்குச் சூடு என்பது அம்மாவின் கட்சி. அப்பாவுக்கு வேறு தலை சுற்றியது. பிளேடால் நறுக்கிக் கொடுத்தாள், ஒரு தூள் சிந்தாமல். டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்றுவிடுவார்.

அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள், அம்மா சிமிழை அவன் பையில் திணித்தாள்.

“நீதான் மருந்து டெஸ்ட் பண்றியே. நல்லதா போலியான்னு பாத்துச் சொல்லு. அந்தக் கடைக்காரன் மூஞ்சியே சரியில்ல.”

சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஃப்ரிட்ஜைத் திறந்து ஸ்டாண்டர்டை எடுத்தான். விரல்நுனி அளவுக் குப்பி. அதே மருந்து, கலப்பே இல்லாமல், சான்றிதழோடு. எந்த மாத்திரையும் இதன் பக்கத்தில் நின்றுதான் தன் யோக்கியதையைக் காட்ட வேண்டும். கம்பெனியில் சுத்தமானது இது ஒன்றுதான் என்பார்கள், எம்.டி.யையும் கணக்கில் சேர்த்து. அதனால்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

இரண்டையும் கரைத்தான். கருவிக்குள் செலுத்தினான்.

போலியாக இரு.

எந்த மாத்திரையிடமும் அவன் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

திரையில் ஸ்டாண்டர்டின் கூம்பு எழுந்தது.

பிறகு அப்பாவுடையது. அதே இடத்தில். அதே மருந்துதான்.

பாதி மாத்திரையில் எவ்வளவு மருந்து இருக்க வேண்டுமோ, அவ்வளவும் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அம்மாவின் கை அப்படி.

“பாஸா?” பர்வீன் எட்டிப் பார்த்தாள்.

அவன் எழுந்து படிக்கட்டுக்குப் போனான். போனை எடுப்பதற்குள் அம்மாவே கூப்பிட்டுவிட்டாள்.

“பாத்தியாடா?”

மேனேஜர் கெஞ்சியும் ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைக்கூட மாற்றிப் போடாதவன் அவன். பதவி உயர்வு வராததற்கு அது போதுமான காரணமாக இருந்தது.

“போலிம்மா. வெறும் சுண்ணாம்பு.”



“அப்ப… முழுசாக் குடுத்திருந்தாலும்?”

“ஒண்ணும் ஆயிருக்காதும்மா.”

மூக்கைச் சிந்தினாள். கடைக்காரனை, அவன் குடும்பத்தோடு, நாசமாய்ப் போகச் சொன்னாள். குரலில் பழைய தெம்பு.



திட்டி முடித்துவிட்டு, அப்பா போனதிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

“சாப்ட்டியாடா?”

இதற்காவது உண்மையைச் சொல்லலாம்.

“இன்னும் இல்லம்மா.”