எல்லா மக்களுக்கும்

இன்னொரு தடவை சொல்லச் சொன்னால் இந்த வார்த்தைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும் என்று நினைத்துக்கொண்டாள் அவள். எந்தச் சொல்லையும் திரும்பத் திரும்பச் சொன்னால் கடைசியில் அது வெறும் சத்தம்தான்.

“இன்னொரு தடவை போயிடலாமாக்கா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிப்பதிவாளன் கேட்டான். ‘காது’ என்றுதான் எல்லோரும் அவனைக் கூப்பிடுவார்கள். அடுத்த தெருவில் யாராவது செருமினாலும் பதிவை நிறுத்திவிடுவான்.

“இப்ப என்ன தப்பு தம்பி?”

“தப்பில்ல. நடுவுல உங்க வயிறு பேசிச்சு.”

“அதுக்குப் பசிக்குது.”

“இதை முடிச்சுட்டு அதுக்குச் சோறு போட்டுடலாம்.”

அவள் தாளைப் பார்க்காமலே சொன்னாள். “பெருந்தொற்று. ஆங்கிலத்தில் பேண்டமிக். இதன் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. பான் என்றால் எல்லாம். டெமோஸ் என்றால் மக்கள். எல்லா மக்களுக்கும் உரியது, பொதுவானது என்பதே இதன் பழைய பொருள். நோயைக் குறிக்க இந்தச் சொல் வந்தது பிறகுதான்.”

“பேர் வச்சவன் நல்ல மனுஷன்க்கா,” என்றான் காது. “தெருக் குழாய்க்கு வைக்க வேண்டிய பேரை நோய்க்கு வச்சுட்டுப் போயிருக்கான்.”

களைப்பு இல்லாவிட்டால் அவளும் சிரித்திருப்பாள்.

அருங்காட்சியகத்தில் நோய்களுக்கென்று திறக்கப்போகும் அறைக்கான பதிவு இது. பிடித்துவிட்டால் மற்ற அறைகளுக்கும் அவளே பேசலாம். எலும்புக்கூடுகள், விண்கற்கள், பழைய காசுகள் என்று வேலை ஒரு வருஷத்துக்கு இழுக்கும். இப்போதெல்லாம் லிஃப்டிலும் வங்கியிலும் இயந்திரமே பேசிவிடுகிறது. குரல் கனத்துப்போச்சு என்று விளம்பரக்காரர்களும் அவளைக் கூப்பிடுவதில்லை. கணவர் போன பிறகு வீட்டில் அவளும் மகளும்தான். ‘இதையாவது விட்டுடாதம்மா’ என்று சொல்லித்தான் மகள் காலையில் அனுப்பியிருந்தாள்.

“அருமையா வந்திருக்குக்கா. கடைசியா ஒரு சின்ன வேலை. ஊரடங்குச் சமயத்துல யாருக்குப் போன் போட்டாலும் முதல்ல ஒரு பொம்பள பேசுவாளே, ஞாபகம் இருக்கா? ‘வீட்டிலேயே இருங்கள், பாதுகாப்பாக இருங்கள்’னு?”

தண்ணீர்ப் புட்டியைத் திறந்துகொண்டிருந்த கை நின்றது.

“யாருக்கு மறக்கும்?”

“அறைக்குள்ள நுழைஞ்சதும் அந்தக் குரல் கேக்கணுமாம். பழைய பதிவு யார்கிட்டயும் உருப்படியா இல்ல. அதே மாதிரி நீங்க சொல்லிடுங்க. மியூசியத்துக்காரங்க முக்கியமாக் கேக்கிறதே இதைத்தான். எல்லா மக்களும்னு இப்ப சொன்னீங்களே, எல்லா மக்களும் கேட்டது அந்த ஒரு குரலைத்தான்.”

“எல்லா மக்களும் திட்டினதும் அதைத்தான்.”

“நான் திட்டாத திட்டா? பொண்டாட்டிக்கு வலி எடுத்துடுச்சு. டாக்டருக்குப் போன் போட்டா, இந்தம்மா கை கழுவுறதுக்குப் பாடம் நடத்துது. கையில கிடைச்சிருந்தா கழுத்தைத் திருகியிருப்பேன். பொறக்கிற குழந்தை ‘அம்மா’ன்னு சொல்றதுக்கு முன்னாடி ‘முகக்கவசம்’னு சொல்லப்போகுதுன்னு எங்க மாமியாருக்குப் பயமே வந்துடுச்சு.”

அவள் புட்டியைத் திறக்காமலே கீழே வைத்தாள்.

“உங்களுக்குக் கிட்டத்தட்ட அந்தக் குரல் வரும்க்கா. நீங்க கொஞ்சம் கனமாப் பேசுறீங்க, அவ்வளவுதான். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே பேசும். லேசா உதட்டை விரிச்சு வச்சுக்கிட்டுச் சொல்லிப் பாருங்க.”

மைக்குக்கு முகம் தெரியாது, ஆனால் சிரிப்பு தெரியும். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். உள்ளே என்ன எரிந்தாலும் உதட்டைக் கொஞ்சம் இழுத்து வைத்தால் போதும், குரல் இனித்துவிடும்.

அவள் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“வராது தம்பி.”

“சொல்லிப் பாக்காமலே வராதுன்னா எப்படிக்கா?” கண்ணாடியின் பின்னால் அவன் முகம் சுருங்கியது. “இது இல்லன்னா மத்த அறையெல்லாம் கை நழுவிடும். மிரட்டுறேன்னு நினைக்காதீங்க. வேற ஆளைப் பாத்துக்குவாங்க.”

“தெரியுது.”

மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தாள். சோறு வடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம். சாப்பிட்ட பிறகு சொன்னால் அவள் அவ்வளவாகக் கோபப்பட மாட்டாள்.

“அந்தப் பொம்பள மேல உங்களுக்கு அப்படி என்னக்கா கோவம்?”

“எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டினப்ப ஆஸ்பத்திரிக்குப் போட்டேன்,” என்றாள். ஊர்க்கதை சொல்வதுபோல் இருந்தது குரல். “எப்பப் போட்டாலும் லைன் கிடைக்கல. கட்டாகிக் கட்டாகி ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து அவ. அவர் கையை விட மனசில்லாம போனை ஸ்பீக்கர்ல போட்டு வச்சிருந்தேன். அவர் கண்ணை மூடிக்கிட்டு அதையே கேட்டுக்கிட்டிருந்தார். கடைசியா அவர் காதுல விழுந்தது அதுதான்.”

காது நாற்காலியை விட்டு எழுந்தான். கதவைத் திறந்துகொண்டு அவள் பக்கம் வந்து நின்றவனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“மன்னிச்சுக்கங்கக்கா. வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். நீங்க சொல்ல வேணாம். அந்தம்மா எங்க இருந்தாலும் தேடிப் பிடிச்சு, இதே மைக் முன்னாடி உக்கார வச்சு நான் சொல்ல வைக்கிறேன்.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை மேசைக்கடியில் சத்தம் வராமல் தள்ளினாள்.

“தேடி அலையாதீங்க தம்பி. காலையிலேருந்து இதுலதான் உக்காந்திருந்தா,” என்றாள். “சிரிக்க மட்டும் மாட்டா.”